ஒன்பது கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீர்

மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுகிற சலைன் பாட்டிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் அதற்கும் 'குளுக்கோஸ்' என்றுதான் பெயர். அடுத்த முறை யாரையாவது நலம் விசாரிக்கப் போகும்போது, பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும். சோடியம் குளோரைடு என்பது வேறொன்றுமில்லை, நம் அடுப்பங்கரை உப்புதான். 100 மில்லி லிட்டரில் 0.9 கிராம், 500 மி.லி. பாட்டிலில் 4.5 கிராம், ஒரு லிட்டரில் 9 கிராம். இந்த 9 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதயம் தளர்ந்த ஒருவருக்கு உப்பு ஏன் பகையாகிறது என்ற கேள்விக்கு விடை காண இந்த ஓர் எண்ணே நமக்குப் பெரிதும் உதவப் போகிறது.

ஏன் சரியாக 0.9? இரத்தச் சிவப்பணுக்களைத் தூய நீரில் விட்டால் நீர் உள்ளே புகுந்து அவை ஊதி வெடித்துவிடும். அடர்ந்த உப்புக் கரைசலில் விட்டால் நீரை இழந்து சுருங்கிவிடும். 0.9 சதவீதக் கரைசலில் இரண்டும் நடப்பதில்லை. உலர்ந்த திராட்சையை நீரில் போட்டு உப்பவைக்கும் சோதனையை வகுப்பில் செய்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதே சவ்வூடு பரவல்தான். நீர், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்குச் செல்கிறது.

இது ஏதோ மெல்லிய கசிவு என்று எண்ணிவிடாதீர்கள். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்ற வாண்ட் ஹாஃப் என்ற டச்சு அறிஞர் இந்த அழுத்தத்தைக் கணக்கிட வழி சொன்னார். செறிவு, வாயு மாறிலி, தனி வெப்பநிலை ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். நம் உடல் நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 290 மோல். உடல் வெப்பநிலை 310 கெல்வின். 290 × 8.31 × 310 என்று பெருக்கினால் ஏறத்தாழ 7,47,000 பாஸ்கல் வருகிறது. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 7 மடங்குக்கு மேல். இந்த அழுத்தம் நீரை 76 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வல்லது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் கலசத்தையும் தாண்டிவிடும்! செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் இது சமமாக இருப்பதால்தான் நாம் அதை உணர்வதில்லை. ஒரு பக்கம் சற்றே கூடினாலும் நீர் அந்தப் பக்கம் ஓடியாக வேண்டும்.

உடலில் சோடியம் பெரும்பாலும் செல்களுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுக்களின் இடைவெளி நீரிலும் இருக்கிறது. உள்ளே நுழையும் சோடியத்தைச் செல்கள் உடனுக்குடன் வெளியே தள்ளிவிடுகின்றன. எனவே உடலில் தங்கும் உப்பு செல்களுக்கு வெளியே தங்குகிறது. தன்னோடு நீரையும் தங்கவைக்கிறது. எவ்வளவு நீர்? 9 கிராமுக்கு ஒரு லிட்டர். (நுட்பமாகச் சொன்னால் இரத்த நீரில் சோடியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், அதை உப்பாக மாற்றினால் 8.2 கிராம்தான் வரும். 9 என்று வைத்துக்கொள்வது நம் வசதிக்காக.)

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பழமொழியை ஒழுக்கத்துக்குச் சொன்னார்கள். உடலியலுக்கு அது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை அதை அறிந்து தாகத்தை எழுப்புகிறது. சிறுநீரகத்துக்கும் 'நீரை விடாதே' என்று ஹார்மோன் வழியாகச் செய்தி போகிறது. செறிவு பழைய நிலைக்கு வரும் வரை நாம் குடிக்கிறோம். செறிவு சரியாகிவிடும், ஆனால் நீரின் கன அளவு கூடியிருக்கும். அந்தக் கூடுதலை இறக்கி வைப்பது சிறுநீரகத்தின் வேலை.

சிறுநீரகத்தின் கணக்கு வழக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அது வடிகட்டுகிறது. அந்த நீரோடு வெளிவரும் உப்பு 180 × 8.2, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ! இதில் நாம் அன்று உண்ட ஏழெட்டு கிராமை மட்டும் சிறுநீரில் விட்டுவிட்டு, மீதியை எல்லாம் சிறுநீரகம் திரும்ப இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. ஒன்றரைக் கிலோ வரவு செலவில் ஒரு கிராம் பிசகாமல் கணக்கு முடிப்பவர் எந்த மளிகைக் கடையிலும் இருக்க மாட்டார். நல்ல உடல்நிலை உள்ள ஒருவர் கல்யாண வீட்டில் அப்பளமும் ஊறுகாயுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தாலும், ஓரிரு நாளில் கூடுதல் உப்பு முழுவதும் வெளியேறிவிடுவது இதனால்தான்.

ஒரு வாட் எந்திரம்

இனி இதயத்துக்கு வருவோம். ஒரு துடிப்புக்கு 70 மி.லி.; நிமிடத்துக்கு 70 துடிப்பு; ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம். அதைச் சராசரியாக 100 மி.மீ. பாதரச அழுத்தத்தில், அதாவது 13,300 பாஸ்கலில் இடது இதயம் தள்ளுகிறது. அழுத்தத்தை ஒரு வினாடியில் தள்ளப்படும் கன அளவால் பெருக்கினால் திறன் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: 1.1 வாட். வயல் கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3,730 வாட். அதன் முன் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த மோட்டாரை 60 ஆண்டுகள் ஒரு நிமிடமும் நிறுத்தாமல் ஓட்டிக் காட்டுங்கள், பார்ப்போம்.

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி பட்டுப்போனாலோ, உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் உழைத்துச் சுவர் தடித்து விறைத்தாலோ, சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வுகள் கெட்டிருந்தாலோ இந்தப் பம்பு தேவையான அளவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. டாக்டர்கள் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்பார்கள். தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். அச்சொல் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. கேட்பவர் இதயம் நின்றேவிட்டது என்று நடுங்கிப் போகிறார். நிற்பதில்லை, தளர்கிறது. ஆகவே இதயத் தளர்ச்சி என்றே இங்குச் சொல்கிறேன்.

தளர்ச்சிதானே என்று அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில் இந்நோயோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரை 2013இல் பதிவு செய்து, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்நோயோடு வருபவர்களைவிட ஏறத்தாழ பத்து வயது இளையவர்கள். ஓராண்டுக்குள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். ஐந்தாண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோர்.

இதயம் தளர்ந்தால் சிறுநீரகம் ஏன் உப்பைப் பிடித்துவைக்க வேண்டும்? இங்குதான் உடல் ஏமாந்துபோகிறது. சிறுநீரகத்துக்குக் கண் கிடையாது. தனக்கு வரும் இரத்தத்தின் அழுத்தமும் ஓட்டமும் குறைந்திருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆதி மனிதனுக்கு அவை குறைந்தன என்றால் பெரும்பாலும் காயம் பட்டு இரத்தம் போயிருக்கும், அல்லது வெயிலில் நீர் வற்றியிருக்கும். அப்போது செய்ய வேண்டியது உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துக்கொள்வது. பம்பு தளர்ந்ததால் ஓட்டம் குறைந்தாலும் சிறுநீரகம் அதே முடிவுக்குத்தான் வருகிறது. ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. (1898இல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து கண்டறிந்தது இது.) ரெனினைத் தொடர்ந்து ஆஞ்சியோடென்சின், அதைத் தொடர்ந்து ஆல்டோஸ்டிரோன் என்று ஒரு சங்கிலி. அதன் முடிவில் 'உப்பை வெளியே விடாதே' என்ற கட்டளை.

தொட்டியில் நீர் நிரம்பி வழிகிறது. ஆனால் மாடிக் குழாயில் நீர் வரவில்லை. காரணம் மோட்டார் பழுது. மேலே இருப்பவரோ தொட்டி காலி என்று எண்ணி, இன்னும் நீரை விடச் சொல்லிக் கூச்சலிடுகிறார். நிலைமை இதுதான்.

காலில் வீக்கம், இரவில் மூச்சுத்திணறல்

தங்கிய நீர் எங்கே போகும்? இரத்தத் தந்துகிகளின் சுவரில் உப்பு தாராளமாக வந்து போகலாம். அங்கே உப்பின் சவ்வூடு அழுத்தத்துக்கு வேலை இல்லை. இரத்தப் புரதங்கள் மட்டும் எளிதில் வெளியேற முடியாது. அவை சுமார் 25 மி.மீ. பாதரச அளவுக்கு நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியலார். தள்ளும் அழுத்தம் கூடிவிட்டால் நீர் திசுக்களில் கசியும்.

நிற்கும் ஒருவரின் இதயத்திலிருந்து கணுக்கால் வரை 1.2 மீட்டர் என்று கொள்வோம். அந்த இரத்தத் தம்பத்தின் அழுத்தம், உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் என்ற நம் பழைய சூத்திரப்படி 1.2 × 1050 × 9.8. சுமார் 12,300 பாஸ்கல்; பாதரசக் கணக்கில் 93 மி.மீ. ஆகவே வீக்கம் முதலில் காலில்தான் தெரியும். மாலையில் கூடும்; கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து சற்று நேரம் அப்படியே இருக்கும். இரவில் படுத்ததும் இந்த அழுத்தம் மறைகிறது. காலில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதை வாங்கித் தள்ள முடிவதில்லை. நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறுகிறது. வழக்கமாக 10 மி.மீ. அளவில் இருப்பது 25ஐத் தாண்டினால் காற்றறைகளிலேயே நீர் கோத்துவிடும். 'படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தேவலை' என்று பெரியவர்கள் சொல்வதும், இரண்டு மூன்று தலையணை கேட்பதும் இதனால்தான். இதை ஆஸ்துமா என்று எண்ணி நாள் கடத்தும் வீடுகள் உண்டு.

நீர் மாத்திரை என்று கொடுக்கிறார்களே, உண்மையில் அது உப்பு மாத்திரை. ஃபுரோசிமைடு போன்ற மருந்துகள், சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாசலை அடைக்கின்றன. உப்பு வெளியேறுகிறது, அதன் பின்னாலேயே நீரும் போகிறது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியம் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுபவர், ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றுகிறார்.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இதயம் தளர்ந்து ஒருமுறை மருத்துவமனையில் இருந்து வந்தவர். அவருடைய பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் காலையில் அவரை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். நான் அந்த நோட்டைப் பார்த்தேன். 54.0, 54.1, 54.0, 54.1 என்று வாரக்கணக்கில் ஒரே சீராகப் போகிறது. பிறகு குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. இரண்டு நாள் வெளியூர் வாசம், மாத்திரையும் விட்டுப்போயிற்று. திரும்பி வந்த அன்று காலை 56.3.

"தாத்தா, ரெண்டு கிலோவுக்கு மேல கூடியிருக்கு" என்றாளாம்.

"ரெண்டு நாளா விருந்துச் சாப்பாடுல்ல ஆத்தா, ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்கும்" என்றாராம் அவர்.

தேறியிருக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்புச் சதை சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி உண்ண வேண்டும். 2.2 கிலோவுக்கு 17,000 கிலோ கலோரி. மூன்று நாளில் அதை உண்ண, அவர் வழக்கமாக உண்பதைப் போல் நாலைந்து மடங்கு உண்டிருக்க வேண்டும். பகாசுரனால்தான் முடியும். ஆகவே ஏறியது சதை அல்ல, நீர். 2.2 லிட்டர் நீர். 9ஆல் பெருக்கினால் சுமார் 20 கிராம் உப்பு. பேத்தி விடவில்லை. அன்றே அப்பாவோடு டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாறு நாளில் நோட்டில் மீண்டும் 54.2. மருத்துவமனையில் படுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது உலகெங்கும் இதய மருத்துவர்கள் சொல்லும் விதி. எடையைக் காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் சாப்பிடும் முன், ஒரே எடைப் பொறியில், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும். பொறி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது எடையல்ல, எடையின் வேறுபாடு. இதை ஆய்வுக்கூடத்தில் சுழிப்பிழை என்ற பாடத்தில் படித்திருப்பீர்கள்.

கணக்கு சொல்வதும் சோதனை சொல்வதும்

இவ்வளவு தூரம் வந்தபின் முடிவு தெளிவாகத் தோன்றும்: இதயம் தளர்ந்தவருக்கு உப்பை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் 1939 முதல், கடுமையான இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு ஓர் உணவு முறையைக் கொடுத்தார். என்ன உணவு தெரியுமா? சோறு! சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும், உப்பே இல்லை. அரிசியில் இயல்பாகவே சோடியம் மிகமிகக் குறைவு. பலருக்கு அழுத்தம் இறங்கியது; வீங்கிய இதயத்தின் அளவு எக்ஸ்ரே படத்தில் சிறுத்தது. ஆனால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அமெரிக்கர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அந்த உணவைப் பல மாதம் தாக்குப்பிடிப்பது அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு கணக்கு சரியாகத் தோன்றுவது வேறு. மனித உடலில் அது அப்படியே பலிப்பது வேறு. பலிக்கிறதா என்று அறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் உப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும். வியப்பு என்னவென்றால், இதயத் தளர்ச்சிக்கு இத்தகைய பெரிய சோதனை ஒன்று 2022 வரை வெளிவரவில்லை. சிறு சோதனைகள் நடந்தன. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 75 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில், உப்பையும் நீரையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு எடை கூடுதலாக இறங்கவில்லை. தாகம்தான் கூடுதலாக இருந்தது. இத்தாலியில் ஒரு குழுவினர், உப்பை மிகவும் குறைத்தால் கெடுதலே என்று கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவற்றைச் சேர்த்துச் செய்த ஒரு தொகுப்பாய்வை 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழ் 2013இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சேர்க்கப்பட்ட இரண்டு கட்டுரைகளில் ஒரே விவரங்கள் திரும்ப வந்திருந்தன. மூல விவரங்களைக் கேட்டால் கணினி கெட்டு அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. செய்முறை நோட்டில் அளவீடுகளை உடனே எழுதிப் பத்திரப்படுத்துங்கள் என்று நாங்கள் வகுப்பில் தொண்டை வறளக் கத்துவது வீணுக்கல்ல.

2022இல் 'லான்செட்' இதழில் வந்தது பெரிய சோதனை. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, கொலம்பியா, சிலி ஆகிய 6 நாடுகளில் 806 நோயாளிகள். ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லி கிராம் சோடியத்துக்கும் குறைவான உணவுத் திட்டம். மறு பாதியினருக்கு வழக்கமான அறிவுரை. ஓராண்டில் இறந்தோர், இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தோர், அவசர சிகிச்சைக்கு ஓடியோர் எல்லாரையும் சேர்த்து எண்ணினார்கள். உப்பைக் குறைத்த குழுவில் நூற்றுக்கு 15, மற்றதில் 17. இது தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடு; நன்மை நிரூபணமாயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் உப்பைக் குறைத்தவர்கள் தங்கள் அன்றாட வாழ்வு ஓரளவு இலகுவாக இருப்பதாகச் சொன்னார்கள். மூச்சிரைப்பிலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது.

அப்படியானால் உப்பு விஷயம் வெறும் கதையா? அவசரப்பட வேண்டாம். ஒரு சோதனை எந்தக் கேள்வியைக் கேட்டது என்று பார்த்த பிறகே அதன் விடையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நோயாளிகள் சோதனை தொடங்கும்போதே உண்டது 2,286 மில்லி கிராம் சோடியம். சோடியத்தை உப்பாக மாற்ற 2.5ஆல் பெருக்குங்கள்: சுமார் 5.7 கிராம் உப்பு. அதை 1,658க்கு, அதாவது சுமார் 4.1 கிராமுக்கு இறக்கினார்கள். அடுத்த குழு 2,073இல், 5.2 கிராமில் இருந்தது. இரு குழுவுக்கும் இடையே வேறுபாடு ஒரு கிராம் உப்புதான்! அவர்களுக்கு நல்ல மருந்துகளும் கிடைத்தன. ஒரு கிராம் குறைவு பெரிய மாற்றம் செய்யவில்லை என்றுதான் அச்சோதனை சொல்கிறது.

நம் கதை வேறு. சென்னையில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் மக்கள் உண்ணும் உப்பு சராசரி 8.5 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூர் மையம், 2017-18இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து 2023இல் வெளியிட்ட கணக்கில் 8 கிராம், ஆண்களுக்கு 8.9, பெண்களுக்கு 7.1. (இந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் எண்கள் சிறுநீரைச் சோதித்து வந்தவை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மறந்துவிடுவோம். உண்ட சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வந்துவிடுவதால் அது மறைக்காது.) உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் எல்லை 5 கிராம். 5.7இலிருந்து 4.1க்கு வருவது பற்றி அந்தச் சோதனை பேசுகிறது. நம் பிரச்சினை 8, 9இலிருந்து 5க்கு வருவது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2021இல் இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்குச் சொன்னதும் இதுதான்: 5 கிராமுக்கு மேல் வேண்டாம். பூச்சியமாக்குங்கள் என்று சொல்லவில்லை. உப்பே இல்லாத சோற்றை வயதானவர் ஒதுக்கிவிட்டால் உடல் மெலிந்து வேறு தொல்லை வரும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் சித்திரை வெயிலில் வியர்த்து, உப்பையும் அறவே விட்டால் இரத்தத்தில் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கி மயங்கி விழவும் கூடும். எவருக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், சோற்றில் இல்லை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து சந்தைக்கு வரும் கருவாட்டில் இருக்கிறது. மோர் மிளகாயில், வற்றலில், ஊறுகாயில், பழைய சோற்றில் கைநிறையப் போட்டுப் பிசையும் உப்பில் இருக்கிறது. அப்பளத்தில் இரு வழியாக வருகிறது: போட்ட உப்பு ஒன்று, அப்பளக்காரம் மற்றொன்று. காரம் என்பதும் சோடியச் சேர்மம்தானே! ஆப்பசோடாவும், வயிற்றுப் பொருமலுக்கு நீரில் கரைத்துப் பொங்கப் பொங்கக் குடிக்கும் தூளும் அப்படியே. நாக்குக்கு உவர்ப்புத் தெரியாவிட்டாலும் கணக்கில் அவை உண்டு. பொட்டலத் தின்பண்டங்களில் சோடியம் இத்தனை மில்லி கிராம் என்று அச்சிட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கிப் பழகுங்கள்.

இந்துப்பு நல்லது, அது சேராது என்று சிலர் சொல்வார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் சோடியம் மாறிவிடாது. இதைவிட எச்சரிக்கை தேவைப்படுவது 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பது. அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பொதுமக்களுக்கு அது நன்மை செய்யலாம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. ஆனால் இதயத் தளர்ச்சிக்குக் கொடுக்கும் சில மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அவற்றோடு இந்த உப்பும் சேர்ந்தால், அதிலும் சிறுநீரகம் கெட்டிருந்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். வீட்டில் இதய நோயாளி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பொட்டலத்தை வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதி போட்டுவையுங்கள். தீரும் நாளில் மீண்டும் தேதி பாருங்கள். 1,000 கிராமை ஆட்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாள் அளவு வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் 22 நாளில் தீர்ந்தால் 9 கிராம். 40 நாள் வந்தால் 5 கிராம். சோறு வடித்த கஞ்சியோடு போனது, மீன் கழுவப் போட்டது, விருந்தாளி வந்தது ஆகியவற்றைக் கழியுங்கள். கடையில் வாங்கிய ஊறுகாய், மிக்சர், ரொட்டி, கருவாடு இந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு கூட்டுங்கள். இரண்டாம் பொட்டலத்துக்கும் இதையே செய்து, இரு விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று அம்மாவைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த மாதம் ஊறுகாய் போட்டிருப்பார்.